நைரோபி மினிபஸ்ஸில் தாலி கொண்டுவந்த பத்மினி அக்கா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் கராஜில் பஸ்ஸை எடுக்கப் போன நேரம் பத்மினி அக்காவின் மகள் அழைத்தாள். "அங்கிள், அம்மா போயிட்டா" என்றாள். அன்றைய ஓட்டத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, கராஜ் வாசலில் குந்தியிருந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

எங்கள் கராஜில் பஸ் ஓட்ட வந்த முதல் தமிழ்ப் பெண் அவர். ஓடி வருகிற ஒருவரைக் கண்ணாடியில் கண்டால் நிறுத்திவிடுவார். நேரம் பிந்தியதற்கு மேலாளரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வந்து, "இந்தக் குளிருக்கை சனத்தை விட்டிட்டுப் போக எனக்கு ஏலாது" என்பார். இதெல்லாம் அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதில் என் வெட்கமும் கலந்திருக்கிறது.

என் மூத்த மகன் நைரோபிப் பெண்ணொருத்தியைக் காதலித்தான். கல்யாணம் அங்கேயே, எங்கள் முறைப்படி என்று முடிவானது. அக்காவும் எங்களோடு வந்தார். நான் போனில் ரக்சிக் கார் பிடித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிற ஆள். அக்காவோ போய் இறங்கிய மறுநாளே, மட்டாட்டு என்று அங்கே சொல்கிற மினிபஸ்ஸில் ஏறிவிட்டார். உடம்பெல்லாம் படம் வரைந்த வண்டி, காதைப் பிளக்கும் பாட்டு, கதவில் தொங்கிக்கொண்டு கூரையில் தட்டுகிற கொண்டக்டர்.

"ஆக்கள் நிரம்பாமல் வெளிக்கிடமாட்டான். நிரம்பின பிறகும் ஏத்துவான்" என்று வந்து சிரித்தார். "டிரைவருக்குப் பக்கத்திலை இருந்தனான். சந்துபொந்து ஒழுங்கையெல்லாம் அவனுக்கு அத்துப்படி. நானெல்லாம் என்ன டிரைவர்!"

"விசரே அக்கா உங்களுக்கு?" என்று ஏசினேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் நான் ஒரு காரியம் செய்தேன். அக்கா கணவனை இழந்தவர். சொந்தக்காரர் ஏதும் சொல்லுவார்களோ என்று பயந்து, "மாப்பிள்ளை வெளிக்கிடேக்கை முன்னுக்கு நிக்காமல், நீங்கள் கொஞ்சம் பிந்தி வாங்கோவன் அக்கா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஓம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள், ராகு காலம் தொடங்க முன் வாசல் தாண்ட வேண்டும் என்று ஒரே அந்தரம். தேங்காயை உடைத்து, எல்லாரையும் ரக்சிகளுக்குள் அடைத்து, மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஐயர் தாலியைக் கேட்டபோதுதான் என் தலையில் இடி விழுந்தது. ராகுவுக்குப் பயந்து ஓடிய அவசரத்தில், தாலிப்பெட்டியைத் தங்கியிருந்த வீட்டில் சாமிப்படத்துக்கு முன்னாலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். முகூர்த்தம் முடிய ஒரு மணித்தியாலம்கூட இல்லை. அந்த வீட்டில் இருந்தது அக்கா மட்டும்தான்.

"கிடக்கு தம்பி, கொண்டு வாறன்" என்றார் போனில்.

"ரக்சி பிடிச்சு அனுப்பவா அக்கா?"

"றோட்டிலை ஒரு வாகனமும் அசையேல்லை. ரக்சியை நம்பினா உம்மடை மகன் நாளைக்குத்தான் தாலி கட்டுவான். வையும் போனை."

மிச்சத்தை அவர் பிறகுதான் சொன்னார். சந்தியில் நின்ற மினிபஸ் பாதிதான் நிரம்பியிருந்தது. அக்கா பெட்டியைத் திறந்து காட்டி, பிள்ளைகள் மணவறையில் காத்திருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். கொண்டக்டர் அதைத் தங்கள் மொழியில் உரத்துச் சொன்னதும் வண்டியில் இருந்த சனம் முழுக்க அக்கா பக்கம். "எடு, எடு" என்று டிரைவரை நெருக்க, நிரம்பாமலே வண்டி புறப்பட்டது. நெரிசலில் நின்ற கார்களை விட்டு விலகி, ஒழுங்கைகளுக்குள்ளால் குலுங்கிக் குலுங்கி ஓடியது. பெட்டி விழாமல் பக்கத்தில் இருந்த பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாளாம். தங்கள் வழியை விட்டு விலகிவந்து மண்டப வாசலிலேயே இறக்கினார்கள்.

சேலையெல்லாம் செம்புழுதி. அக்கா வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"இந்தாரும், பிடியும். நான் இதிலை நிக்கிறன்" என்று பெட்டியை நீட்டினார்.

நான் கையை நீட்டவில்லை. "நான் வாங்கமாட்டன் அக்கா. நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ."

"சனம் கதைக்கும் தம்பி."

"கதைக்கட்டும்."

சபைக்கு நடுவால் நிமிர்ந்து நடந்துபோய், ஐயரின் தட்டில் அவரே வைத்தார். என் பெரியப்பா செருமினார். என் மனைவி பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். வாசலில் நின்ற கொண்டக்டர் கைதட்ட, பெண் வீட்டுப் பெண்கள் எழுந்து குலவையிட்டார்கள். அன்று எனக்கு நெஞ்சு நிறைந்த பெருமை. மாப்பிள்ளையைப் பார்த்து வந்ததைவிட அக்காவைப் பார்த்து வந்ததுதான் அதிகம்.

சாப்பாட்டுக்குப் பிறகு, "அக்கா, நேற்று நான் சொன்னது பிழை" என்றேன். பரவாயில்லை என்று சொல்லுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"பிழைதான்" என்றார். "இனி வேறை ஒருத்தியிட்டையும் உப்பிடிச் சொல்லாதையும்."

என் தங்கையும் கணவனை இழந்தவள். போன வருடம் இங்கே ஸ்ரௌவ்வில்லில் என் இளைய மகனுக்குக் கல்யாணம் நடந்தபோது, அவள் தானாகவே பின்வரிசையில் போய் இருந்துவிட்டாள். நான் போய்க் கையைப் பிடித்து எழுப்பி, தாலித்தட்டை அவளிடம் கொடுத்தேன். முணுமுணுத்தவர்களுக்கு முகத்துக்கு நேரே பதிலும் சொன்னேன். எனக்கு அந்த வாயைத் தந்தவர் பத்மினி அக்கா. அவர் போய்விட்டார், அதை நான் வைத்திருக்கிறேன்.