அட்டைக்குக் கொடுத்த முதல் காய்

எனக்கு மறதி வராது. ஒருவர் செய்த நல்லதைக்கூடச் சில சமயம் மறந்திருக்கிறேன், கெட்டதை மறந்ததே இல்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கோபம் ஆற ஆறத்தான் பதத்துக்கு வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. இனிச் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு, ‘இந்தப் பொம்பளைக்கு இவ்வளவு ஆகாது’ என்று யாரும் சொல்லக்கூடாதே என்று முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

போடியில் ஏலக்காய் பொறுக்கும் கடை ஒன்றில் மேற்பார்வை பார்க்கிறேன். மலையிலிருந்து வரும் காயைச் சல்லடையில் சலித்து, பெரிது சிறிது பிரித்து, வெடித்ததையும் வெளுத்ததையும் ஒதுக்கும் வேலை. இருபது பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஏல விலையை யாரோ ஒருவர் தினமும் மெயிலில் அனுப்புகிறார் என்று கேள்விப்பட்டு, முதலாளிக்காக என் போனில் அதற்குப் பதிவு செய்தேன். கீழே ‘இவற்றையும் படிக்கலாம்’ என்று நாலைந்து மெயில் கடிதங்களின் பெயர்கள் வந்தன. எல்லாவற்றையும் அழுத்தினால்தான் விலை வரும் போலிருக்கிறது என்று எல்லாவற்றையும் அழுத்திவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, விலைக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. ‘ஜீப்பில் எனக்கு எப்போதும் பின் டயருக்கு மேலேதான் இடம்’ என்று ஆரம்பித்தது. எழுதியவளுக்குப் பெயர் இல்லை. போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள் என்பது மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சாப்பாட்டுத் தூக்குகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சறுக்குவதையும், மேலே போய்ச் சேரும்போது யார் வீட்டு ரசம் யார் சேலையில் என்று சண்டை பிடிப்பதையும் எழுதியிருந்தாள். ஜீப்புக்குள் உட்கார்ந்து படித்த மாதிரி எனக்கு இடுப்பு வலித்தது. எத்தனையோ வருஷமாக அந்தக் காயைத் தொடுகிறவள் நான். அதைப் பறித்த கையைப் பற்றி ஒரு வரி தெரியாமல் இருந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை கடையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கை அது பாட்டுக்குக் காய் பொறுக்கியது, காதெல்லாம் என் பக்கம் இருந்தது. படித்து முடித்ததும், “யக்கா, இந்தப் புள்ள நம்ம தெருவுல இருந்தாலும் இருக்கும்” என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து அதற்கு ‘மலைக் கடுதாசி’ என்று பேர். மகன் போன், மருமகள் போன் என்று எதையாவது பிடித்து எல்லாருமே பதிவு செய்துகொண்டார்கள்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு தட்டுக் காய் பொறுக்கி முடித்தால் “ஆச்சு” என்று குரல் கொடுக்க வேண்டும். நான் போய்ப் பார்த்த பிறகுதான் அடுத்த தட்டு. கடிதத்துக்கும் அப்படித்தான் போலிருக்கிறது, சொல்லாவிட்டால் அடுத்தது வராது என்று இவர்களாக முடிவு செய்துகொண்டு, ஞாயிறுதோறும் இருபது பேரும் ‘படிச்சாச்சு’ என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் பயந்துபோய்விட்டாள். ஒழுங்காக நாலு வரி எழுதிய வாசகி நான் ஒருத்திதான் என்பதால் என்னிடம் கேட்டாள்: ‘யாருக்கா இவங்க? என்னைய மிரட்டுறாங்களா?’

சிரித்து முடிக்க எனக்கு ஒரு நாள் ஆனது. அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம் ஆனது. போனில் பேசினோம். டிகிரி முடித்துவிட்டுக் காய் எடுக்கப் போகிறவள், போடியில்தான் வீடு. “பேரப் போட்டு எழுதேன் புள்ள” என்றேன். “பேரு தெரிஞ்சா அன்னைக்கே ஜீப்புல எடம் இருக்காதுக்கா” என்றாள். சரி, பெயர் வேண்டாம், ஆள் சேர்ப்பது என் பொறுப்பு என்றேன். கடைக்கு வரும் வியாபாரி எவராக இருந்தாலும் மலைக் கடுதாசிக்குப் பதிவு செய்தால்தான் டீ. முதலாளியையே செய்ய வைத்தேன். அதே மாதிரி தனியாக எழுதுகிறவர்களைத் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன். உப்பளத்திலிருந்து ஒருவர், ரயில்வே கேட்டிலிருந்து ஒருவர். யாருக்கும் பின்னால் ஒரு பத்திரிகை கிடையாது, படிக்கிறவர்கள்தான் பலம் என்பது அப்போதுதான் புரிந்தது.

அப்புறம்தான் அது நடந்தது. எங்கள் ஊரில் ஒரு பெரிய மனிதர். மலையில் தோட்டம், ஊரில் மாடி வீடு, கார் கண்ணாடியில் ‘எழுத்தாளர்’ என்று ஸ்டிக்கர். அவருடைய முகநூல் பக்கத்தில் வந்தது என்று முதலாளி எனக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். ஜீப்பு, தூக்குவாளி, ரசம். வரிக்கு வரி அவள் எழுதியது. ‘நான் பின் டயருக்கு மேலே உட்கார்ந்து போன நாட்கள்’ என்று தலைப்பு வேறு. காரின் பின் சீட்டைத் தவிர வேறு எதிலும் அந்த ஆள் உட்கார்ந்ததை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

‘இது வேறொருவர் எழுதியது’ என்று கீழே எழுதினேன். அழித்தார். மறுபடி எழுதினேன். முதலாளியிடம் என் நம்பரை வாங்கிக் கூப்பிட்டார்.

“ஏம்மா, பேரில்லாத கடுதாசிக்கு யாரு சொந்தக்காரி? அந்த மலையே எங்க தாத்தா வெட்டித் திருத்துனது. அங்க நடக்குறத எழுத எனக்கில்லாத உரிமையா? போய் காயப் பொறுக்குற சோலியப் பாரு.”

போனை வைத்துவிட்டார். எதிரில் இருந்திருந்தால் சல்லடையை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

அவளிடம் சொன்னேன். “அக்கா, நான் காய் எடுக்குறதே அவரு தோட்டத்துலதான்” என்றாள்.

“காயும் அவருக்கு, எழுத்தும் அவருக்கா?” என்று கத்தினேன்.

“நான்தான் எழுதுனேன்னு சொல்ல முடியாது. சொன்னா வேலை போச்சு. சொல்லலைன்னா எழுதுறது பூராம் அவருக்குப் போகும். விட்டுர்றேன்க்கா.”

விட்டும்விட்டாள். இரண்டு ஞாயிறு கடிதம் வரவில்லை. திங்கட்கிழமை இருபது பேரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த இரண்டாவது திங்கட்கிழமைதான் முடிவு செய்தேன், அவள் பெயர் வெளியே வராமல் அவர் மானம் மட்டும் போக வேண்டும் என்று.

வழி எனக்குத் தோன்றியது. அவர் மலைக்குப் போவார், காரை விட்டு இறங்கமாட்டார். காய் எடுக்கிறவர்களுக்கு மட்டுமே பொய் என்று தெரிகிற ஒரு பொய்யை எழுதிவைத்தால்?

“பொய் எழுதவாக்கா இத ஆரம்பிச்சேன்?” என்றாள். அவளுக்கு அது உண்மையாகவே வலித்தது. நான் விடவில்லை. “ஒரே ஒரு பொய். சமயம் வந்ததும் நீயே ஒடைச்சிரு. இல்லைன்னா அவரு பேருலதான் நீ காலம் பூராம் எழுதணும்” என்றேன். மூன்று நாள் கழித்துச் சம்மதித்தாள்.

மழைக்காலத்தில் மலையில் அட்டை கொஞ்சமாகவா இருக்கும்? காலில் புகையிலையும் சுண்ணாம்பும் தேய்த்துக்கொண்டுதான் பெண்கள் செடிக்குள் இறங்குவார்கள், அப்படியும் விரலிடுக்கில் ஏறிவிடும். அவள் எழுதினாள்: ‘பருவத்தின் முதல் காயை நாங்கள் அட்டைக்குக் கொடுப்போம். இலையில் வைத்துக் கும்பிடுவோம். அட்டை அந்தக் காயின் மேல் ஏறிப் போனால் அந்த வருஷம் யார் ரத்தமும் குடிக்காது.’ படித்தபோது, பொய் என்று தெரிந்த எனக்கே கண் கலங்கியது. கடையில் படித்துக் காட்டியபோது மலைக்குப் போய்ப் பழகிய இரண்டு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காரணம் சொல்லி எல்லாரையும் வாயைக் கட்டச் சொன்னேன். இருபது பெண்கள் பல மாதம் ஒரு ரகசியத்தைக் காத்தார்கள் என்றால் நம்பமாட்டீர்கள். காத்தார்கள்.

அந்த ஆள் மூன்றாம் நாளே எடுத்துக்கொண்டார். அதோடு விடவில்லை, எல்லாவற்றையும் சேர்த்துத் தன் வாழ்க்கைக் கதை என்று புத்தகமே போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் வெளியீடு. நாற்காலி நிறைய வேண்டுமே! தன் தோட்டத்துப் பெண்களையே பிரியாணி போடுவதாகச் சொல்லித் தன் ஜீப்பிலேயே ஏற்றி வரச் சொன்னார். நான் கூப்பிட்டிருந்தால்கூட அத்தனை பேர் வந்திருக்கமாட்டார்கள். அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக, நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் கடை ஆட்கள் பின்னால் இருந்தோம்.

புத்தகத்திலேயே தனக்குப் பிடித்த இடம் என்று சொல்லி, அட்டைக்குக் காய் கொடுத்த பக்கத்தைக் குரல் தழுதழுக்க அவரே வாசித்தார். ‘கும்பிடுவோம்’ என்ற இடம் வந்ததும் முன்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. அப்புறம் அதை அடக்க முடியவில்லை. பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள்.

“என்ன சிரிப்பு? நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப என் கண்ணால பாத்தது!” என்றார்.

“அட்டைக்குப் பொகையெலதான் அப்பு குடுப்போம். காய் குடுத்தா கங்காணி எங்க கூலியப் புடிச்சிருவாரு” என்றாள் ஒரு பெண்.

நான் எழுந்தேன். அன்று காலை வந்த மலைக் கடுதாசியைப் போனில் திறந்து, கடையில் படிக்கிற அதே குரலில் படித்தேன்: ‘அட்டைக்கு முதல் காய் என்று நான் எழுதியது பொய். அப்படி ஒரு வழக்கம் எந்தத் தோட்டத்திலும் கிடையாது. என் எழுத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிறவரைப் பிடிக்கக் கட்டிய பொய். இதைத் தன் கண்ணால் பார்த்ததாக யாராவது சொன்னால், அவர்தான் அந்த ஆள். படித்தவர்கள் மன்னிக்க வேண்டும்.’

நான் வாயை மூடியதும் பின்வரிசையில் இருபது பேரும், யாரும் சொல்லிக்கொடுக்காமல், பழக்கத்தில், “படிச்சாச்சு” என்றார்கள்.

அவர் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வேன். எழுதியது யார் என்று கூட்டத்தில் வரிசை வரிசையாகத் தேடினார். எல்லா முகமும் சிரித்த முகமாக இருந்தால் யாரைப் பிடிப்பது? காய் எடுக்க ஆள் கிடைக்காத பருவத்தில் எல்லாரையும் நிறுத்தவும் முடியாது. புத்தகக் கட்டெல்லாம் வந்த ஜீப்பிலேயே திரும்பிப் போனது. நான் அவருடைய பிரியாணியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

எங்களையும் ஏமாற்றினாயே என்று சில வாசகர்கள் அவளுக்கு எழுதிவிட்டு விலகிப் போனார்கள். அவள் அழுதாள். அதில் மட்டும் எனக்குக் குற்ற உணர்ச்சி உண்டு. அந்த ஆள் விஷயத்தில் கடுகளவும் இல்லை.

இந்த வருஷம் பருவம் தொடங்கியபோது வந்த கடிதம்தான் நான் எதிர்பாராதது. முதல் நாள் பூஜைக்கு அந்த ஆள் தோட்டத்துக்கு வந்திருக்கிறார், காரை விட்டு இறங்கியே நின்றிருக்கிறார். பெண்கள் முதல் காயைப் பறித்து, இலையில் வைத்து, ஒரு அட்டையைத் தேடிப் பிடித்து அதன் முன்னால் வைத்து, அத்தனை பேரும் சிரிக்காமல் கைகூப்பியிருக்கிறார்கள். அட்டை காயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்தில் நின்றவளின் காலுக்குப் போனதாம். அவர் உடனே காரில் ஏறிவிட்டாராம்.

உடனே கூப்பிட்டேன். “ஏன்டி, கட்டுன பொய்ய நீங்களே நெசமாக்கிட்டீங்களே! இனிமே அந்தாளு கண்ணால பாத்தேன்னு சொன்னா யாரு மறுக்க முடியும்?”

“சொல்லட்டும்க்கா. இனிமே வருசா வருசம் இதத்தான் செய்யப்போறோம். வருசா வருசம் அவரு வந்து நின்னு பாக்கணும்” என்றாள்.

மறதி வராதவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.