முன் சீட்டு வாடை

கல்லூரியில் மூன்றாம் வருஷம் படித்தபோது நான் தினமும் காலையில் வாந்தி எடுத்தேன். காரில் போகும்போது எடுத்தேன் என்பதுதான் விஷயம். ஆனால் காலையில் வாந்தி என்பதற்கு மேல் அம்மாவின் காதில் எதுவும் ஏறவில்லை.

எங்கள் கார் பழையது. வேன் மாதிரி சதுரமாக இருக்கும். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கினால்தான் கண்ணில் படும். அப்பாவுக்குப் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. கள்ளிக்குப்பத்திலிருந்து கிளம்பி, வேலப்பன்சாவடியில் என்னைக் கல்லூரியில் இறக்கிவிட்டுவிட்டு அவர் வேலைக்குப் போவார். தானே ஃபிட்டராக இருந்துகொண்டு மெக்கானிக்கிடம் போவது அவருக்கு மானக்கேடு. அந்த வருஷம் எஞ்சினின் மேல் மூடி ஓரமாக ஆயில் கசிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே மூடியைக் கழற்றி, கசிவைத் தடுக்கிற கேஸ்கெட்டை மாற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். கசிவு நின்றது. நாற்றம் ஆரம்பித்தது.

கருகிய எண்ணெய் நாற்றம். நேராக என் சீட்டுக்கு அடியிலிருந்து வரும். லாரிப் புழுதி வருகிறது என்று என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றச் சொல்வார். முழங்கையை வைத்துக்கொள்ள அவர் பக்கம் மட்டும் திறந்திருக்கும். அத்திப்பட்டு தாண்டும்போது தலை வலிக்கும். அயனம்பாக்கம் வரும்போது, "நைனா, நிறுத்து" என்பேன்.

"வாடை வருது நைனா."

"எனக்கு ஒண்ணும் வர்லியே பாப்பா. பழைய வண்டின்னா அப்டித்தான் இருக்கும்."

அவருக்கு எப்படி வரும்? கம்பெனியில் நாளெல்லாம் ஆயில் புகைக்குள் நிற்கிற மூக்கு.

அம்மாவிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த காரியங்களிலேயே மோசமான காரியம். வாடை பிடிக்கவில்லை, காலையில் குமட்டுகிறது என்று ஒரு பெண் பிள்ளை சொன்னால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டு என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"இந்த மாசம் ஆச்சா?"

"ஆச்சும்மா."

"எப்ப? எனக்குத் தெரியாம?"

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றிலிருந்து நான் குளிக்கப் போனால் அவளுக்குப் பக்கத்திலேயே ஒரு வேலை இருக்கும். என் போன் மணி அடித்தால் அடுப்பைக் குறைப்பாள். நடுவில் ஒரு வாரம் அப்பாவுக்கு ஷிஃப்ட் மாறி நான் பஸ்ஸில் போனேன். வாந்தி இல்லை, தலைவலி இல்லை. வானகரத்தில் இறங்கி மாறி, நின்றுகொண்டே போனாலும் பசியோடு வீடு திரும்பினேன். பாரும்மா, பஸ்ஸில் போனால் ஒன்றும் இல்லை என்று வெற்றியோடு சொன்னேன்.

"அதான் பாக்குறேனே. பஸ்ல போனா மட்டும் மொகம் மலர்ந்துகினு வருது. யாருடி அங்க?"

உண்மையைச் சொல்லச் சொல்ல அவள் சந்தேகத்துக்கு நானே சாட்சி சேர்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே திருநின்றவூர் அத்தை கொண்டுவந்திருந்த வரனைப் பற்றி மறுபடி பேச்சு எடுத்தாள். படித்தது போதும் என்றாள். ஆறு மாதம் பொறுத்தால் டிகிரி. அதற்குள் என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டால் மானம் தப்பிக்கும் என்பது அவள் கணக்கு. அழுதேன். அழுகையையும் வேறு மாதிரிதான் எடுத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை, பூந்தமல்லியில் ஒரு லேடி டாக்டரிடம் போகலாம் என்றாள். எங்கள் அம்பத்தூரில் இல்லாத டாக்டரா? தெரிந்தவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள், அதனால் பூந்தமல்லி. அப்பாவிடம் எனக்கு வயிற்று வலி என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

குடும்பமாகப் போனால் முன் சீட்டு அம்மாவுக்கு. நான் பின்னால், கண்ணாடியை முழுக்கத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். அத்திப்பட்டு தாண்டியதும் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். நெற்றி வியர்த்தது. அயனம்பாக்கம் வந்ததும், "நிறுத்துங்க" என்று கதவைத் திறந்து இறங்கி, ரோட்டு ஓரத்தில் குனிந்தாள்.

அப்பாவுக்குச் சிரிப்பு. "இன்னாமே, இந்த வயசுல நல்ல சேதியா?"

என்னால் அடக்க முடியவில்லை. "டாக்டர்கிட்டதானே போறோம் நைனா. என்னைப் பாக்கச் சொல்றதையே அம்மாவையும் பாக்கச் சொல்லு."

"எத?"

அம்மா வாயைத் துடைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிப்போனது. அதற்கு மேல் அவருக்குப் பேசத் தெரியவில்லை. முன் சீட்டைத் தூக்கினார்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மேல் மூடியிலிருந்து போகிற ஒரு ரப்பர் ஹோஸ் கழன்று கிடந்தது. அதன் வாய் வழியாகப் புகை குபுகுபுவென்று சீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. கையால் மூடிப் பார்த்தார், புகை கையைத் தள்ளியது. அப்புறம் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. எஞ்சின் பேச்சு.

"பிஸ்டன் ஓரமா கொஞ்சம் கேஸ் கீழ எறங்கும் பாப்பா. எந்த வண்டியிலயும் எறங்கும். அது வெளிய போவ ஒரு வால்வு கீது, அது வழியா எஞ்சினே இஸ்து திரும்ப எரிச்சிடும். இங்க பாரு, வால்வு அடச்சிகினு கீது. போவ வழியில்லன்னா உள்ள பிரஷர் ஏறும். அதான் ஆயில வெளிய தள்ளியிருக்கு. நான் மேல இறுக்கினதும் அந்த பிரஷரு இந்த ஹோஸப் புடுங்கிகினு வந்திருச்சு. சும்மா கேஸ்கெட்டப் போயி குத்தம் சொல்லிகினு இருந்தேன். பாவம், அது நல்லாத்தான் இருந்துச்சு."

அம்மா நிமிரவில்லை. "ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

மறுநாள் அப்பா வால்வையும் ஹோஸையும் புதிதாக மாட்டினார். திங்கட்கிழமை விடிந்ததும் அம்மா யாரும் சொல்லாமலே முன் சீட்டில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அப்பாவோடு அத்திப்பட்டு வரை போய்த் திரும்பி வந்தாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டதென்றால் அதுதான்.

"வாடையே இல்ல. நீ தைரியமா ஏறு."

"நான் பஸ்ல போறேம்மா."

"பஸ்லயா? பஸ்ல யாரு..."

சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். முகம் சுருங்கிப்போனது. என் பையை வாங்கிச் சாப்பாட்டு டப்பாவை உள்ளே வைத்து, ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தாள்.

டிகிரி முடித்தேன். கடைசி நாள் வரை பஸ்தான். அந்தக் கடைசி நாள் காலை தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வழியனுப்பத்தான் நின்றாளா, நான் எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று பார்க்க நின்றாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.