பதில் தெரியாத பாராட்டு

பதில் தெரியாத கேள்வி வந்தால், கேட்டவரைப் பாராட்டித் தப்பித்துக்கொள்வது என் பழக்கம். துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சியில் நான் பிழைத்துக் கிடப்பதே இந்தக் கூறுகெட்ட வித்தையால்தான். "நல்ல பாயின்ட் சார்" என்றால் போதும், மேலதிகாரி பல்லைக் காட்டிக்கொண்டே போய்விடுவார். அதையே வீட்டிலும் செய்தேன், ஒன்பது வயது மகளிடம்.

பக்கத்துக் கடற்கரை ஊரான குலசையில் ராக்கெட் ஏவுதளம் கட்டுகிறார்கள் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது.

"யப்பா, தசராவுக்கு அங்கன கோயிலுக்கு அவ்வளவு கூட்டம் வருதே, ராக்கெட்டு திரும்பி அவங்க தலையில விழுந்திராதா?"

எனக்கு என்ன தெரியும்? "அடேயப்பா, விஞ்ஞானி மூளைல்லா இது!" என்று கூவினேன். அவள் விடவில்லை. "சரி, விழுமா விழாதா?" அதற்குள் நான் அவள் கேள்வியைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தேன். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. பதில் மட்டும் வரவில்லை.

அன்றிலிருந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவள் விஞ்ஞானிதான். ஏன், எப்படி என்று நாள் முழுக்கக் குடைந்துகொண்டிருந்த பிள்ளை வாயை மூடிக்கொண்டது. விஞ்ஞானிக்குத் தெரியாமல் இருக்கலாமா? பாடத்தில் புரியாத இடம் வந்தால் சட்டென்று பக்கத்தைப் புரட்டிவிடுவாள். நான் அதையும் "என்ன வேகம்!" என்று மெச்சினேன்.

பிறகு என் மச்சான் வீட்டுக் காதுகுத்து. கறிச்சோற்றுப் பந்தி. தூரத்துச் சொந்தமான கடைக்கார அண்ணாச்சி, மசாலா வழிகிற கையாலேயே மகளின் கன்னத்தைக் கிள்ளினார்.

"ஏளா விஞ்ஞானி, ராக்கெட்டு எப்படி மேல போகுது? எல்லாருக்கும் கேக்க மாதிரி சொல்லு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா ஒங்கப்பன் குரூப்புல அந்தக் கூவு கூவுனான்?"

பக்கத்து இலை அத்தை எலும்பை உறிஞ்சிக்கொண்டே சமாதானம் சொன்னாள். "விடுங்க அண்ணாச்சி, பொம்பளப்பிள்ளைக்கு இது போதும். பாக்க லட்சணமா இருக்கால்லா."

அந்தப் பாராட்டு அதைவிட நாறியது. எழுந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவள் காதருகே குனிந்து, "நெருப்பு கீழ போகும், ராக்கெட்டு மேல போகும்னு சொல்லும்மா" என்று கிசுகிசுத்தேன். குரங்காட்டிகூட இவ்வளவு வெட்கங்கெட்டு நிற்கமாட்டான். அவள் வயிறு வலிக்கிறது என்று பாதிச் சோற்றில் எழுந்துபோனாள்.

கை கழுவப் போன அண்ணாச்சி, போகிற வழியில் என் முதுகில் தட்டினார். "நல்லா வளத்திருக்கலே. பெரியவங்கள எதுத்து ஒரு வார்த்த பேசல பாரு."

சட்டை முதுகில் மஞ்சள் விரல்கள். அதைவிட அசிங்கம், அந்த ஒரு நொடி எனக்கு இனித்தது.

அடுத்த வாரம் யூடியூபில் ஒருவர் சொன்னார்: பிள்ளையின் மூளையைப் புகழாதீர்கள், முயற்சியைப் புகழுங்கள். எனக்கு அது போதாதா? மகள் மேசையில் அறிவியல் புத்தகத்தை விரித்து, கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். அவள் தானாக அந்தப் புத்தகத்தைத் தொட்டே ரொம்ப நாளாகியிருந்தது. ஓடிப்போய்ப் பின்னால் நின்றேன்.

"அடடா, என்ன ஒரு முயற்சிம்மா!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லப்பா."