ஆயுத பூசைக்கு மாற்றிய வேகம்

சக்திகுமார் என் பெரியம்மா மகள் சொர்ணத்தாய்க்கு அண்ணன் மகன். அவனுடைய தாய் வேலைக்குப் போன காலத்தில் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் இந்த அத்தைதான். கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தீப்பெட்டி ஆலையில் அவனுக்கு கம்ப்யூட்டர் வேலை. அதே ஆலையில், மருந்தில் முக்குவதற்கு முன் குச்சியை உலர்த்துகிற அறை அத்தையின் பொறுப்பு. அறையின் சூடு திரையில் எண்ணாக வரும். ஏறினால் அவள் குறைக்க வேண்டும்.

அங்கே எல்லா மெஷினின் சேதியும் ஒரே ஒயரில்தான் திரைக்கு வருகிறது. அந்த ஒயர் இவ்வளவுதான் தாங்கும் என்று ஓர் அளவு உண்டாம். அதனால் எது எவ்வளவு வெரசாக வர வேண்டும் என்று சக்திகுமார் பிரித்து வைத்திருந்தான். உலர்த்தும் அறைச் சூடு நொடிக்கு நொடி வரும். தண்ணீர்த் தொட்டி, கரண்டுக் கணக்கு எல்லாம் மெதுவாக வந்தால் போதும்.

ஆயுத பூசையன்று வீட்டாரை ஆலைக்குள் விடுவது வழக்கம். எப்போதும்வென்றான் ஊரிலிருந்து அவனுக்குப் பெண் கொடுக்க இருந்த தங்கச்சாமியும் வந்தார். பூசை முடிந்ததும் ஒன்றிரண்டு மெஷினை மட்டும் சாஸ்திரத்துக்கு ஓடவிட்டார்கள். தங்கச்சாமி திரையைப் பார்த்தார்.

“என்ன மாப்பிள்ள, நம்பரெல்லாம் தூங்குது? எங்க ஊரு பஸ்ஸே இதவிட வெரசா வரும்போல!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவனுக்கு ரோசம் வந்துவிட்டது. “இப்பப் பாருங்க மாமா” என்று எல்லாவற்றையும் நொடிக்கு நொடி என்று மாற்றினான். எண்கள் ஓட்டமாய் ஓடின. “அடேயப்பா!” என்றார் மாமனார். மாறுகிற எண்ணை மட்டும்தான் மெஷின் அனுப்புமாம். முக்கால்வாசி மெஷின் நின்றிருந்ததால் ஒயர் தாங்கிக்கொண்டது. அந்தச் சந்தோசத்தில் பழையபடி மாற்றி வைக்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டான்.

லீவு முடிந்து ஆலை முழுக்க ஓடியதும் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் நொடிக்கு நொடி சேதி அனுப்பத் தொடங்கின. ஒயர் அடைத்துக்கொண்டது. சூட்டின் எண் நெரிசலில் மாட்டித் தாமதமாக வந்தது. சொர்ணத்தாய் கண்டதெல்லாம் பழைய எண். கருகல் வாடை வந்து அவள் கதவைத் திறந்தபோது உள்ளே புகை. அறையிலிருந்த குச்சியெல்லாம் கருத்துப் போயிருந்தது.

சக்திகுமாருக்கு உடனே விளங்கிவிட்டது. மேனேசர் சுந்தரபாண்டியன் வந்து சேருமுன் வேகத்தைப் பழையபடி மாற்றிவிட்டான்.

“ஏம்மா, கண்ணு திரையில இருந்துச்சா, போன்ல இருந்துச்சா?” என்றார் மேனேசர்.

“திரையிலதான் சார் இருந்துச்சு. நம்பர் ஏறவே இல்ல.”

“நம்பர் சரியாத்தான ஓடுது? சக்தி, இதுல ஏதும் கோளாறா?”

“இல்ல சார்” என்று சொல்லிவிட்டான். அத்தை அவனை ஒரு தடவை பார்த்தாள். அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வாசலில் ஒருத்தி, “சீரியல்ல யாருக்கு யக்கா கல்யாணம் முடிஞ்சிச்சு?” என்று கேட்டாளாம்.

அடுத்து வந்தது பரிசம் போடுகிற நாள். எங்கள் வகையறாவில் பரிசத்தட்டை மாப்பிள்ளையின் அத்தைதான் எடுத்து முன்னால் நடக்க வேண்டும். வேன் வந்து நின்றது. சொர்ணத்தாய் தட்டைத் தொடவில்லை.

“வேற யாரையும் எடுக்கச் சொல்லுங்க. வேலையில போன் பாத்தவள்னு பேர் எடுத்தவ தட்டோட போனா, பொண்ணு வீட்டுல அவிய என்ன நினைப்பாவ? எம்மருமவனுக்குல்லா கொறச்சல்?”

சக்திகுமாரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. எங்கள் எல்லார் முன்னாலும் மேனேசருக்குப் போன் போட்டான். “சார், அத்தை மேல தப்பு இல்ல. வேகத்த மாத்துனது நாந்தான். நீங்க வாரதுக்குள்ள மறைச்சதும் நாந்தான்.” அந்தப் பக்கம் அவர் கத்தியது எங்களுக்கே கேட்டது. இவன், “சரிங்க சார், சரிங்க சார்” என்றே நின்றான். பட்டுச்சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

போனை வைத்ததும் அத்தை கேட்டாள்: “ஏலே, அன்னைக்கு எம்முன்னாலதான நின்னு ‘இல்ல’ன்ன?”



அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டை எடுத்தாள். பெண் வீட்டு வாசலில் எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. அவன் அவளுடைய காலடியைப் பார்த்தபடியே பின்னால் போனான்.