ஞாயிற்றுக்கிழமை போட்ட தளம்

ஆண்டவர் என் ஜெபத்துக்குப் பதில் தந்தார். அதைச் சாட்சியாகச் சொல்லத்தான் சபை நடுவில் எழுந்து நிற்கிறேன். ஆனால் கேட்க இனிப்பாக இருக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1978. காலேஜ் முடித்த கையோடு பாண்டிச்சேரியில் ஒரு பயிற்சியில் சேர்ந்தேன். கட்டட வேலையைத் திட்டம் போட்டு நடத்தக் கற்றுத்தரும் பயிற்சி. எங்கள் காலனியிலிருந்து அந்தப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். கடைசிப் பரீட்சை பேப்பரில் இல்லை, சைட்டில். பாகூர் பக்கம், நம் காலனிக்குக் கிட்டவே, ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரைத் தளம். என்றைக்கு என்ன வேலை, எத்தனை ஆள் என்று நானே சார்ட் போட்டு, நானே நடத்தி முடிக்க வேண்டும். திங்கட்கிழமை இன்ஸ்ட்ரக்டர் வருவார். தளம் இருந்தால் பாஸ். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கான்கிரீட்டைத் தாங்கும் சென்டரிங் பலகை அடித்தாயிற்று. கம்பி கட்டியாயிற்று. பர்மிட்டுக்கு அலைந்து வாங்கிய சிமெண்ட் வராண்டாவில் அடுக்கியிருந்தது. வெள்ளிக்கிழமை ரேடியோவில் புயல் என்று சொன்னார்கள். அவ்வளவுதான். நடவு தள்ளிப்போன வருஷம் அது. நெல் அப்போதுதான் பழுத்து நின்றது. நிலம் வைத்திருந்த அத்தனை பேரும் மழைக்கு முன்னால் அறுத்துவிடத் துடித்தார்கள். என் சித்தாள்கள் எல்லாரும் வயலுக்குப் போய்விட்டார்கள். சார்ட்டில் மழைக்கு இடம் விட்டிருந்தேன். மழைக்குப் பயந்து அறுப்புக்கு ஓடும் ஊருக்கு விடவில்லை. அதை எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

காண்ட்ராக்டர் வேணு வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"இன்னா தம்பி, படம் நல்லாத்தான் வரஞ்சிருக்க. அத்த மடிச்சி சும்மாடா வெச்சிக்கினு நீயே கான்கிரீட்டு தூக்கேன். கொத்தனாரு இருக்கான், மிஷினு இருக்கு. தூக்க ஆளு எங்க?"

மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். இங்கே வந்து விழவா என்னை இவ்வளவு படிக்க வைத்தீர் என்று ஆண்டவரோடு சண்டை போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் ஜெபக் கூட்டத்தில் எழுந்து, தளம் போட ஆள் வேண்டும், ஜெபியுங்கள் என்று உங்களைக் கேட்டேன். எல்லாரும் கண்ணை மூடினீர்கள். சத்தமாக ஆமென் சொன்னீர்கள். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள்.

ஞாயிறு விடிந்ததும், சிமெண்டாவது நனையாமல் இருக்கட்டும் என்று தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தேன். பேச்சுச் சத்தம். திரும்பினால் என் அம்மா. பின்னால் எஸ்தர் சின்னம்மா, காலனிப் பெண்கள் அத்தனை பேரும். சேலையை இழுத்துச் செருகியிருந்தார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்களுக்கு இருந்த ஒரே லீவு ஞாயிறு. ஆராதனை நாளில் வரமாட்டோம் என்று, கூலிக்குப் போகும் வயலின் பண்ணைக்காரரிடம் மல்லுக்கட்டி, கூலியில்லாமல் பட்டினி கிடந்து வாங்கிய நாள். புயல் வருகிறது என்று தெரிந்தும் அன்றைக்கு அவர் வயலில் இறங்காதவர்கள்.

"இன்னிக்கி ஆராதனைக்குப் போவலியா?" என்றேன்.

"இன்னாடா இஞ்சினியரு," என்றாள் எஸ்தர் சின்னம்மா. "ஆளு வேணும்னு நேத்து நீதான கேட்ட? வந்து நின்னா எங்கியாவது போன்னு தொரத்துறியே. உன் படத்துல எங்களுக்குக் கட்டம் போட்டிருக்கியா இல்லியா?"

"பாஸ்டர் திட்டுவாருமா."

"திட்டட்டும்டா," என்றாள் அம்மா. "மழ பெஞ்சா அவரு வூட்டுக்கு ஓடு இருக்கு. இங்க படிக்கிற புள்ளைங்களுக்கு இன்னா இருக்கு? சட்டிய எட்றா."

சாரத்தில் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றினார்கள், பாடிக்கொண்டே. பொழுது சாயும் முன் தளம் முடிந்தது. திங்கள் காலை இன்ஸ்ட்ரக்டர் குடையோடு வந்தார், சுற்றிப் பார்த்தார், ஆள் திரட்டுவதில் கெட்டிக்காரன் என்று எழுதிப் பாஸ் போட்டார். யாரைத் திரட்டினாய் என்று கேட்கவில்லை. மதியம்தான் மழை பிடித்தது. அதற்குள் கான்கிரீட் இறுகிவிட்டது. புதுத் தளம் வெடிக்காமல் இருக்கத் தண்ணீர் ஊற்றும் வேலையை மழையே செய்தது.

அல்லேலூயா. சாட்சி இங்கேயே முடிந்தால் நமக்கெல்லாம் வசதி.

அடுத்த ஞாயிறு, பாஸ்டர் ஐயா, நீங்கள் அந்தப் பெண்களை எழுந்து நிற்க வைத்தீர்கள். ஓய்வுநாளை மீறினவர்கள், திருவிருந்து கிடையாது என்றீர்கள். என்னை யாரும் நிற்கச் சொல்லவில்லை. நான் பாஸ் பண்ணினவன் ஆயிற்றே. அதைவிடக் கொடுமை வாசலில் சைக்கிளோடு நின்றது. பண்ணைக்காரரின் ஆள்.

"பள்ளிக்கூடத்துக்கு ஞாயித்துக்கிழம தூக்குன கை, ஐயா வயல்ல மட்டும் எறங்காதா? இனிமே உங்களுக்கு லீவு இல்ல, போங்கடி."

அன்றிலிருந்து ஞாயிறும் வயல்தான். நாம் இங்கே பாடிக்கொண்டிருக்கிறோம். இந்த நேரம் என் அம்மா சேற்றில் நிற்கிறாள்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நான் போடும் எந்தச் சார்ட்டிலும் ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் காலி. காண்ட்ராக்டர்கள் முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

ஜெபத்துக்குப் பதில் வருமா என்று சந்தேகப்படுகிறவர்களே, வரும். எனக்குச் சேலையைச் செருகிக்கொண்டு வந்தது, கண்ணால் பார்த்தேன். நம்பிக் கேளுங்கள். ஆண்டவருக்கு நான் நன்றி சொல்லாத நாள் இல்லை. ஆனால் வாயால் சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது.

அதனால் இந்த ஆராதனை முடிந்ததும் பண்ணைக்காரர் வீட்டுக்குப் போகிறேன், அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கேட்க. தனியாகப் போகவும் தயார். அன்றைக்கு ஆமென் சொன்னவர்கள், இந்தத் தடவை செருப்பைப் போட்டுக்கொண்டு என்கூட வாருங்கள்.