ஜமீலாவும் சர்வரை நிறுத்திய ஒரு வரியும்

"அக்கா மவுத்தாயிட்டாங்கங்க." மலைமேல் செம்மேடு பஸ் நிலையத்தில் நான் நின்றிருந்தபோது ஜமீலாவின் தம்பி போனில் சொன்னது அவ்வளவுதான். மாரடைப்பாம். எனக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. இனி யாரைக் கேட்பேன் என்ற பச்சைப் பயம்.

அவளை அறிந்தவர்களுக்கு அவளுடைய பயமும் தெரியும். அடிவாரத்து மளிகைக் கடைக்காரர் வீட்டுப் பெண். கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் தினமும் மலையேறுவாள். "இன்னிக்கும் உசுரோட வந்துட்டேன் சாமி" என்று சொல்லிக்கொண்டே எங்கள் ஆபீஸ் அறைக்குள் நுழைவாள். கண்டக்டர்கள்கூடக் கிண்டல் செய்வார்கள்.

பாம்புக்கடி மருந்து மலையில் எந்தெந்த மருத்துவ நிலையத்தில் இருக்கிறது என்று நர்சுகளுக்குச் சொல்லும் வெப் சர்வீஸ் ஒன்றை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டோம். எங்கள் அறையில் ஒரு கம்ப்யூட்டரில் அது தனியாக ஓடியது. கரண்ட் போனால் அதுவும் படுத்துவிடும். அதனால் அதை ஒரே பேக்கேஜாகக் கட்டி, அடிவாரத்தில் பல சேவைகள் சேர்ந்து ஓடும் அப்ளிகேஷன் சர்வரில் ஏற்றச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் அனுப்பும் சேவையும் அதே சர்வரில்தான் ஓடியது. ஜமீலாவுக்கு அதுதான் கிலி.

"தனி ஊட்டுல இருந்ததைக் கூட்டுக் குடித்தனத்துக்குக் கொண்டு போறோம். பயமில்லாம எப்படீங்க இருக்கறது?" என்று மேலதிகாரியிடமே கேட்டாள்.

"நீங்க எதுக்குத்தாம்மா பயப்படல?" என்று அவர் சிரித்தார்.

ஏற்றினோம். காலையெல்லாம் ஒழுங்காக ஓடியது. மத்தியானம் நர்சிடமிருந்து போன். "ஏனுங்க, மருந்து விவரமும் வரல, ஆம்புலன்சும் கூப்புட முடியல. வளப்பூர்ல ஒரு புள்ளையப் பாம்பு கடிச்சிருக்குதுங்க!"

"ஐயோ, நம்முதுதான் எல்லாத்தையும் சாச்சிருச்சு" என்று கத்தினேன். ஜமீலாவின் கை வெடவெடவென்று நடுங்கியது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"கத்தாத சாமி. ஒவ்வொரு நிலையமாப் போன் போட்டு மருந்து எங்கன்னு கேளு. ஜீப்போ லாரியோ, கெடச்சதுல புள்ளைய ஏத்தச் சொல்லு."

நான் போனில் கிடந்தபோது அவள் காரணத்தைக் கண்டுபிடித்தாள். மருந்து இருப்பைப் படிக்க முடியாவிட்டால் ஓட்டத்தை நிறுத்து என்று எங்கள் நிரலில் ஒரு வரி இருந்தது. தனியாக ஓடியவரை அது தன்னை மட்டுமே நிறுத்தியது. இப்போது சர்வருக்குள் இருந்ததால், மத்தியானம் ஒருமுறை இருப்பைப் படிக்க முடியாமல் போனதும் சர்வரையே நிறுத்திவிட்டது. வரியை எடுத்துவிட்டு, மறுபடி கட்டி ஏற்றினாள். எல்லாம் எழுந்து ஓடியது. பிள்ளை இன்னும் ஜீப்பில் வழியில்தான் இருந்தது.

அன்று தன் பஸ்ஸை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பொழைச்சுக்குச்சுங்க" என்று நர்ஸ் வந்து சொன்னதும் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் அதிகாரியிடம் போய், யாரும் கேட்காமலே, "அந்த வரி நான் எழுதுனதுங்க" என்றாள்.

அதன்பின் எதை ஏற்றினாலும் அவள் முதலில் கேட்பது இதுதான்: "நம்முது செத்தா, கூட யாரெல்லாம் சாவாங்க?"

நாளைக்கு ஒரு புதுப் பேக்கேஜை நான் தனியாக ஏற்ற வேண்டும். அந்தக் கேள்வியை நானே கேட்டு, நானே பதிலும் சொல்லிக்கொள்ள வேண்டும். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். இப்போதே கை நடுங்குகிறது, ஜமீலா. நடுங்கட்டும்.