கடைசிப் பந்தி

எங்கள் சபையின் வெள்ளிக் கிண்ணத்தில் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு நசுங்கல் உண்டு. திருவிருந்தின்போது போதகர் அதில் திராட்சை ரசம் ஊற்றி, ஒருவர் உதட்டில் வைத்து எடுத்து, வெள்ளைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்தவருக்கு நீட்டுவார். கிண்ணம் ஜன்னல் பக்கத்திலிருந்து தொடங்கி வரும். பீடத்தின் முன் ஒரு வரிசை முழங்காலிட்டு எழுந்ததும் அடுத்த வரிசை. அதைப் பந்தி என்போம். கல்யாண வீடுகளில் முதல் பந்திக்கு இடம் பிடிக்கும் நான், சபையில் மட்டும் கடைசிப் பந்தி. பக்தி கம்மி என்று நினைத்துவிட வேண்டாம், தூக்கம் ஜாஸ்தி.

இருபது வருடங்களுக்கு முன், கீழ்பென்னாத்தூரிலிருந்து ஓர் அக்கா எங்கள் சபைக்கு வந்தார். கணவர் லாரி டிரைவர். எய்ட்ஸ் வந்து இறந்துபோனார். அக்காவின் ரத்தத்திலும் அது இருப்பதாக முடிவு வந்த வாரமே, மாமியார் வீட்டில் அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார்கள். அடுத்த மாதம் அந்தத் தட்டு டம்ளரோடு அவரையும் அனுப்பிவிட்டார்கள். திருவண்ணாமலையில் ஓர் அறை எடுத்து, ஜாக்கெட் தைத்துப் பிழைத்தார். அப்புறம் பிறரோடு சேர்ந்து அவர் வாய் வைத்துக் குடித்த ஒரே பாத்திரம் எங்கள் கிண்ணம்தான்.

விஷயம் எந்த வாய் வழியாகக் கசிந்ததோ, ஒரு ஞாயிறு சபைக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது. முதல் பந்திக்கு அடிதடி. அக்காவுக்குப் பின்னால் குடிக்க ஆளில்லை. அவரே புரிந்துகொண்டு, எல்லோரும் எழுந்துபோன பிறகு தனியாக வந்து முழங்காலிட ஆரம்பித்தார். முதல் பந்திக்கு முண்டியவர்களில் நானும் உண்டு. வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. ‘தொட்டால் பரவாது, சேர்ந்து உண்டால் பரவாது’ என்று எழுதிய பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனவன். பேனரைப் பிடிக்கத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள், படிக்கச் சொல்லவில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது வழக்கம்போல் வாயை விட்டேன்.

“இன்னாய்யா இது, மொதப் பந்திக்கு இவ்ளோ கூட்டம்? பிரியாணி போட்டாகூட இப்டி வரமாட்டீங்களே!”

எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: “பிரியாணின்னா நானும் மொதப் பந்திதான் தம்பி. சொல்லி அனுப்புங்க.” அக்கா. அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்கள் சிரிப்புதான் பாதியில் நின்றது.

கமிட்டியில் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வேண்டும் என்று பேச்சு எழுந்தது. எல்லோரும் குடித்த பிறகு கிண்ணத்தில் மிஞ்சியதைப் போதகர் குடித்து முடிக்க வேண்டும் என்பது முறை. “அந்தம்மாவுக்கு அப்புறம் மாசாமாசம் நான் குடிக்கிறேனே, எனக்கு இன்னா ஆச்சு?” என்று போதகரே கேட்டார். பேச்சு அத்தோடு அடங்கியது. பந்தி மட்டும் மாறவில்லை.

அடுத்த திருவிருந்து பௌர்ணமிக்கு மறுநாள் காலை விழுந்தது. கிரிவலம் முடித்த கூட்டம் பஸ்ஸுக்காகத் தெருவை அடைத்துக்கொண்டு நிற்க, என் மொபெட் நடுவில் மாட்டிக்கொண்டது. நான் உள்ளே நுழைந்தபோது எல்லாப் பந்தியும் முடிந்திருந்தது. ஜன்னலோரம் அக்கா மட்டும் முழங்காலிட்டிருந்தார். போதகர் என்னைப் பார்த்தார். சபையே பார்த்தது. திரும்பிப் போகவும் வெட்கம். அவருக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டால் அவர் குடித்த பிறகுதான் எனக்கு. நடுவில் நின்றுவிட்டேன்.

அக்கா திரும்பிப் பார்த்தார். பீடத்தின் முன்னிருந்த கைப்பிடிக் கம்பியைப் பற்றி மெல்ல எழுந்து, ஓர் ஆள் அளவு நகர்ந்து இந்தப் பக்கம் முழங்காலிட்டார். “ஜன்னல் பக்கம் போங்க தம்பி,” என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். “மொதல்ல நீங்க குடிச்சிடுங்க. பயப்படாதீங்க.”

‘இல்லக்கா, நீங்களே இருங்க’ என்று சொல்லியிருக்க வேண்டும். மூன்றே சொல். நாள் முழுக்க ஓயாத வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் போனேன். முதலில் குடித்தேன். என் எச்சில் பட்ட கிண்ணத்தை அவர் கண்ணை மூடி வாங்கிக் குடித்தார். மிச்சத்தைப் போதகர் குடித்தார்.

ஊருக்கு வெளியே தள்ளிக் கொல்லப்பட்ட ஒருவரை நினைத்துத்தான் அந்த விருந்து. தள்ளியவர்களுக்காகவே அவர் வேண்டிக்கொண்டதை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஒரு மனுஷி அதைச் செய்ததை ஒன்றரை அடி தூரத்தில் அன்றுதான் பார்த்தேன். என் பயத்தைக் கண்டு அவர் கோபப்படவில்லை. காய்ச்சல்காரனுக்கு இடம் விடுவதுபோல் நகர்ந்துகொண்டார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் நினைத்தேன்; ஞாயிறுதோறும் ஒரு ஜோக் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் காசநோய் அக்காவைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது சபையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிண்ணம் வந்துவிட்டது. யாரும் யாருக்கும் பின்னால் குடிப்பதில்லை. நசுங்கிய கிண்ணம் பீரோவில் இருக்கிறது. புனித வெள்ளிக்கு முந்தின நாள், பெரிய வியாழன் அன்று மட்டும் வெளியே வரும். அன்று நான் கடைசிப் பந்தியில், ஜன்னல் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு முழங்காலிடுவேன். “தள்ளி வாங்க, எடம் காலியா இருக்குதே,” என்று புதுப் போதகர் ஒவ்வொரு வருடமும் கையைக் காட்டுவார். மாட்டேன் என்று தலையாட்டுவேன். அந்த வெற்றிடத்தைக் கடந்துதான் கிண்ணம் என்னிடம் வர வேண்டும். வரும்வரை அந்த மூன்று சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.